சல்லடையக்காவின் கடைசி மூட்டைகள்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் அக்காவின் கணவர், எங்கள் அத்தானே, அருங்காட்சியக நண்பர்களே! நம் புதைபடிவப் பிரிவின் தலைவர், நாமெல்லாம் 'சல்லடையக்கா' என்று வாய் நிறைய அழைத்த அம்மையார் இன்று இல்லை. ஆறுதல் சொல்லத்தான் என்னைப் பேசச் சொன்னார்கள். என்னிடம் ஆறுதல் இல்லை.

அக்கா தேடியது எதை? டைனோசர்கள் தரை அதிர நடந்த காலத்தில், அவற்றின் காலில் மிதிபடாமல் பிழைத்துக் கிடந்த மூஞ்சூறு அளவு உயிரை! குட்டிக்குப் பால் கொடுத்த நம் ஆதித் தாய்களில் ஒருத்தியை! அவள் முழுசாகவா கிடைப்பாள்? அந்தக் காலத்து ஆறு கரைபுரண்டு விட்டுப்போன களிமண்ணில் ஒரு பல் கிடைப்பதே பெரும்பாடு. கடுகைவிடச் சின்னப் பல்! அதற்காக மண்ணை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, தொட்டியில் ஊறவைத்து, சல்லடையில் அலசி, காயவைத்து, நுண்ணோக்கியின் கீழே தூரிகை நுனியால் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்.

ஒரு பல் கிடைத்தது! கிடைத்ததை என்ன செய்தார்? தூரிகை நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்குவது அக்காவின் வழக்கம். பல் நுனியில் ஒட்டியிருந்தபோது யாரோ கூப்பிட்டார்கள். திரும்பியவர், பழக்கதோஷத்தில் தூரிகையை வாயில் வைத்துவிட்டார். போயிற்று!

"ஐயோ, முழுங்கிட்டேன்டா!" என்று அலறினார். ஓடிவந்த அத்தான், "பசிச்சா சொல்லக் கூடாதா? பத்துக் கோடி வருஷத்துப் பழசையா சாப்பிடணும்?" என்றார். எங்களுக்குச் சிரித்து மாளவில்லை. அக்காவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

படம்கூட எடுக்கவில்லையே! பார்த்தேன் என்றால் யார் நம்புவார்? அன்றிலிருந்து இன்னொரு பல்லைத் தேடினார். அதற்குள் அக்கா மண் எடுத்த மேட்டையே செங்கல் சூளைக்கு வெட்டித் தீர்த்துவிட்டார்கள். மிச்சம், பின்புறக் கொட்டகையில் இன்னும் அலசாமல் அடுக்கிய மூட்டைகள்தான். மருத்துவமனையில் என் கையைப் பிடித்து, "மூட்டைய விட்டுடாதடா. அவ அதுக்குள்ளதான் இருக்கா" என்றார். "விடமாட்டேன்க்கா" என்றேன்.

இங்கே அக்காவின் படத்துக்குக் கீழே ஒரு மூட்டையை வைக்கலாம் என்று சற்றுமுன் கொட்டகையைத் திறந்தேன். காலி! நேற்றைய மழையில் இந்த வாசலில் தண்ணீர் தேங்கியதாம். வருகிறவர்கள் கால் நனையக் கூடாதென்று நம் காவலாளி அண்ணன் அத்தனையையும் கொட்டிப் பள்ளத்தை நிரப்பியிருக்கிறார். "சும்மா கெடந்த மண்ணுதானே சார்? அம்மாவுக்காகத்தான் செஞ்சேன்" என்றார். அவரை என்னவென்று திட்டுவேன்?

நண்பர்களே! நாமெல்லாம் அவள்மீது நடந்துதான் உள்ளே வந்தோம். டைனோசர் மிதிக்காமல் விட்டதை நாம் மிதித்துவிட்டோம்! பல் நொறுங்காமல் இருக்குமா? இருக்காது என்றே நினைக்கிறேன். பொய் நம்பிக்கை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே! வாசலில் கிடப்பதை நான் வாரிக்கொள்வேன். உங்கள் காலோடு வந்ததை என்ன செய்வேன்? அதனால் கதவருகே அக்காவின் தொட்டியில் தண்ணீர் வைத்திருக்கிறேன். போகும்போது தயவுசெய்து செருப்பை வெளியே உதறிவிடாதீர்கள். தொட்டியில் கழுவிவிட்டுப் போங்கள். அலசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தான், முதலில் நீங்கள் வாருங்கள்.