குரலுக்கு முந்தின மூச்சு

மிமிக்ரியில் குரலைப் பிடிப்பது பெரிய வித்தை இல்லை சார். பேசுவதற்கு முன்னால் ஒருத்தர் இழுக்கிற மூச்சைப் பிடிப்பதுதான் கஷ்டம். பதினெட்டு வருஷமாகக் கல்யாண மேடைகளில் காமெடி பண்ணுகிறேன். என் கூட்டாளி அய்யப்பனின் மூச்சு மட்டும் எனக்கு வசப்படவே இல்லை. ‘ஆத்தா’ என்று கூப்பிடுமுன் அவனுக்குத் தொண்டையில் சின்னதாக ஒன்று சிக்கும்.

அவன் குவைத்துக்கு டிரைவராகப் போனபிறகு, நான் எழுதுகிற காமெடியையெல்லாம் அவனுடைய அம்மா செவந்தி அத்தையிடம்தான் சோதித்துப் பார்ப்பேன். கீரமங்கலத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. அத்தை பூக் கட்டிக்கொண்டிருப்பார். கை ஒழியாது என்பதால் போன் ஸ்பீக்கரில் கிடக்கும். புதுப்புது நம்பரிலிருந்து அய்யப்பன் குரலில் கூப்பிட்டு, ஒட்டகம் கடித்துவிட்டது, அரபி வீட்டில் பெண் கொடுக்கிறார்கள் என்று கதை அளப்பேன். ஆரம்பத்தில் அந்த மூச்சு இல்லாததை வைத்துக் கண்டுபிடித்தார். போகப் போக, தெரியாத நம்பர் என்றாலே நான்தான். “எலேய் சரவணா, வையிடா போன” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பு வந்தால் மேடையில் அது எடுபடும். எனக்கு அம்மா இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வைகாசியில் ஒருநாள் அத்தை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே ஸ்பீக்கரில் அய்யப்பன்.

“ஆத்தா, நம்பரு மாத்திட்டேன். நெஞ்சு வலிக்குது. ரூம்ல யாருமில்ல. சரவணன் போன எடுக்கல. அவன்ட்டச் சொல்லி கம்பெனிக்குப் பேசச் சொல்லு.”

தொண்டையில் அந்தச் சிக்கல் தெளிவாகக் கேட்டது.

“நேத்து ஒட்டகம், இன்னிக்கி நெஞ்சுவலியா? தேறிட்டடா.” அத்தை போனை வைத்துவிட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. உள்ளே வந்த என்னைப் பார்த்து, “நீதான?” என்றார்.

“ஆமா அத்த” என்றேன்.

நல்ல சிரிப்பை நடுவில் வெட்டக்கூடாது. எங்கள் தொழிலில் அது பாவம். அவனுடைய அந்தப் புதுக் குவைத் நம்பர் என் போனிலும் இரண்டு மிஸ்டு காலாகக் கிடந்தது. குளத்தூரில் ஒரு வரவேற்பு இருந்ததால், முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று போனேன். அந்த நெஞ்சுவலியை அங்கே மேடையிலேயே காமெடியாகப் போட்டுப் பார்த்தேன். நன்றாக எடுபட்டது. பிறகு கூப்பிட்டேன். அவன் எடுக்கவில்லை.

பதினோரு நாள் கழித்துப் பெட்டி வந்தது. “நீ வெளையாட்டுக்குச் சொன்னது பலிச்சிருச்சேடா. எம்புள்ள கடைசியா என்னயக் கூப்புடக்கூட இல்லயே” என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பழி என் வாய்மேலேயே இருக்கட்டும், உண்மை தெரிந்தால் தாங்கமாட்டார் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அத்தைமேல் எனக்கு அவ்வளவு பாசம்.

நேற்று அவரே கேட்டார். “அவன மாதிரி ஒருதடவ கூப்புடுடா.”

கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டேன். பதினெட்டு வருஷமாக வராத அந்தச் சிக்கல் வந்துவிட்டது.

அத்தை பூவைக் கீழே வைத்தார். “இது ஒனக்கு வராதேடா” என்றார். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். “அன்னிக்கி அந்தப் போன்ல இருந்துச்சு.”

நான் தலையாட்டினேன் சார். அப்போதும்கூட, ‘ஆத்தா’வுக்குப் பிறகு இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் சிரித்திருப்பார் என்றுதான் தோன்றியது.