அசையாமல் உட்கார ஒரு வழி

— விடு, தொடாத! இடது காலை இழுத்தா வலது முட்டி கையோட கழண்டு வந்துடும்.

— ஏங்க, எந்தக் கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நின்னாலும் உங்களைத்தான் கூப்பிடுவாங்க. நீங்களே நடுவுல நின்னுட்டா நான் யாரைக் கூப்பிடுறது?

— கிண்டல் அப்புறம். அந்தத் தலகாணியை முட்டிக்கு அடியில தள்ளு... மெதுவா... அப்பாடா!

— பிரிஞ்சுதா? நல்லாருக்கு நியாயம்! ரிட்டையர் ஆனப்புறம் எதுக்குங்க பத்மாசனம்?

— இந்தப் பழைய யோகா புஸ்தகத்துல போட்டிருக்கே. அசையாம உக்காரணுமாம், அதே நேரம் சுகமாவும் உக்காரணுமாம். எப்படி முடியும்? அசையாம இருந்தா கால் மரத்துப் போகுது. சுகமா இருந்தா தூங்கிடுறேன்.

— நல்லாத்தான் குறட்டை விட்டீங்க காலைல.

— மூலம் ஒரே ஒரு வரி. அதுக்கு விளக்கம் பக்கம் பக்கமா. அந்த விளக்கத்துக்கும் ஒரு விளக்கம், பொடி எழுத்துல. லிஃப்டோட வர்ற கையேட்டுல எந்த ஸ்க்ரூ எங்கன்னு படம் போட்டுக் குடுப்பான். இதுல ஒரு படம் உண்டா?

— மூடி வைங்க அதை. பொண்ணு ரெண்டு வருஷமா இந்த வாசப்படி மிதிக்கல. அவளுக்கு ஒரு போன் போடுங்கன்னா, நீங்க பத்மாசனம் போடுறீங்க!

— போன் போட்டு என்னன்னு பேச?

— 'தப்பா சொல்லிட்டேம்மா'ன்னு பேசுங்க. பேங்க் வேலையை விட்டுட்டு யோகா சொல்லித் தரப் போறேன்னு வந்து நின்னவளை, சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடி, 'குட்டிக்கரணம் போடவா உன்னைப் படிக்க வெச்சேன்'னு கேட்டீங்களே.

— அவ மட்டும் சும்மா போனாளா? 'அந்தப் பழைய நூல்ல ஒரு வரியாவது படிச்சிட்டு அப்புறம் எங்கிட்ட பேசுங்கப்பா'ன்னா. படிக்கத்தான் செய்யறேன். மண்டையில ஏறினாத்தானே!

— ஓஹோ. அதுக்குத்தான் தினம் கதவைச் சாத்திக்கிட்டு போனும் கையுமா உக்காந்திருக்கீங்களோ?

— அது... அது ஒரு வகுப்பு.

— யாரோட வகுப்பு?

— யாரோடதோ.

— என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

— சரி, அவளோடதுதான், இப்ப என்ன? பக்கத்து வீட்டுக்காரர் பேர்ல சேர்ந்திருக்கேன். கேமராவை மூடியே வெச்சிருப்பேன். வாயத் திறக்க மாட்டேன், கேள்வியை டைப் பண்ணி அனுப்புவேன். ஒரு நாள் 'நல்ல கேள்வி, ஐயா'ன்னா.

— ஐயாவா!

— அப்பான்னு கூப்பிடத்தான் ஆளில்ல. ஐயாவே போதும்னு இருந்தேன். அதுலயும் மண் விழுந்துடுச்சு. நாளைலேருந்து எல்லாரும் கேமராவைத் திறக்கணுமாம், உக்கார்ற விதத்தைப் பாக்கணுமாம். இந்தப் பாழாப்போன கால் ஒழுங்கா மடங்கினா, படிச்சுட்டு வந்தவன் மாதிரியாவது தெரிவேன். இப்படிக் கோணலா உக்காந்து அவ கண்ணுல பட்டா? 'இங்கயும் கேலி பண்ணத்தான் வந்தீங்களா'ன்னு வெளிய தள்ளிடுவா.

— ஐயோ, மறுபடியும் மடக்காதீங்க! இந்தாங்க, இதுல உக்காருங்க.

— நாற்காலியா? யோகாவுக்கா? அசிங்கப்பட்டது போதாதுன்னு நீ வேற!

— வாத்தியாரம்மா உத்தரவு.

— எந்த வாத்தியாரம்மா?

— போன வாரம் மைக்கை மூட மறந்துட்டீங்க. கதவுக்கு வெளிய நின்னு நான் உங்களைத் திட்டினது வகுப்பு முழுக்கக் கேட்டுச்சாம். என் குரல் அவளுக்குத் தெரியாதா? நேத்து எனக்குப் போன் பண்ணினா. 'அப்பா முட்டி தாங்காதும்மா, தரையில உக்கார விடாத. ஒரு நாற்காலி போட்டுக் குடு. கேமராவுல எனக்கு முகம் தெரிஞ்சா போதும்'னு.