பாம்கோல் ஊர்த் தீர்மானத்தில் விழுந்த முத்திரைகள்

வாக்குமூலம் பதிவானபோது இருந்தவர்கள்: போலீஸ் உதவி ஆய்வாளர் நம்குங் ஹ்யோக், எழுத்தர் ஒருவர், வாக்குமூலம் தரும் நான், எனக்குத் துணையாக வந்த எங்கள் ஊர்ப் பெரியவர் கூ போங்மான். வேறு யாரும் இல்லை.

எனது பெயர் போங் ஓக்சிம். வயது 69. கணவர் பெயர் மா சங்பேக். தென்கொரியா, ஹேயொன் மாவட்டம், பாம்கோல் ஊரில் தேவாலயத்துக்குக் கீழ்வீட்டில் குடியிருந்து வருகிறேன். வீட்டு வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை, வேதாகமத்தை வைத்து நானாகவே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். தேவாலயச் சமையல் கணக்கு என் பொறுப்பில் உள்ளது.

எங்கள் ஊர்த் தலைவர் மா இன்தே, என் கணவரின் உடன்பிறந்த தம்பி. நான் மருமகளாக வந்தபோது அது மாமியார் இல்லாத வீடு. இன்தே அப்போது சின்னப் பையன். அவருக்குச் சாப்பாடு கட்டிப் பள்ளிக்கு அனுப்பியது நான்தான்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, அதன் பிறகு வாயால் எதையும் விழுங்க முடியாமல், மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம் போகிறது. அந்தக் குழாயை மாற்றுபவர் எங்கள் ஊர்ச் சுகாதார நிலைய நர்ஸ் யோம் மிரான். அவர் இந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். நகர மருத்துவமனைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். என் கணவரால் உட்கார முடியாது.

இந்நிலையில், வரும் வருடப் பணத்தை முதலில் எதற்குச் செலவிடுவது, எந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஊர் கூடி முடிவெடுத்து எழுதித் தரும்படி மாவட்ட அலுவலகம் கேட்டது. அதன் பிறகு, அறுப்பு முடிந்ததும் ஊர் மன்றத்தில் கூட்டம் நடந்தது. பெண்கள் நாங்கள் மாவு பிசைந்து, நெத்திலி போட்டு நூடுல்ஸ் சாறு வைத்தோம். இன்தே தேவாலய உதவிக்காரரும் ஆனதால் அவரே ஜெபம் செய்து தொடங்கினார். பிறகு பள்ளத்தாக்கின் குறுக்கே தொங்குபாலம் கட்டுவதாக ஒரு படத்தைக் காட்டி, "சனி ஞாயிறுல சியோல்லருந்து பஸ் பஸ்ஸா வருவாங்க" என்றார்.

அதற்குக் கூ போங்மான், "வர்றவன் பாலத்துல நடப்பான். நான் எங்கடா நடக்கிறது? சாகறதுக்கு அக்கரைக்கு எதுக்குப் போவணும், இங்கயே சாகலாமே" என்றார்.

"சித்தப்பா, உங்களுக்கு டிக்கெட் இலவசம்" என்றார் இன்தே.

"நர்சம்மாவுக்கும் சேத்துக் குடு. பாதியில எனக்கு மூச்சு வாங்கும்."

எல்லோரும் சிரித்தோம். இன்தேயும் சிரித்தார். பாலத்துக்குச் சொன்ன தொகையில் ஒரு நர்சுக்கும், கூப்பிட்டால் வீட்டுக்கு வரும் சிற்றுந்தின் ஓட்டுநருக்கும் இருபது வருடத்துக்கு மேல் சம்பளம் தரலாம் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். "அண்ணி கணக்குல தப்பு இருக்காது" என்றார். அதன் பிறகு கை தூக்கச் சொன்னதில், முதலில் நர்ஸ், அடுத்து ஓட்டுநர் என்று முடிவானது. பாலத்துக்கு அவர் ஒருவர்தான் கை தூக்கினார். சாப்பாட்டில் இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கினார். போகும்போது, "சுத்தமா எழுதி நானே குடுத்துடறேன், நீங்க யாரும் அலைய வேணாம்" என்றார்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு மர முத்திரையைத் தலைவரிடமே கொடுத்து வைப்பது வழக்கம். கையெழுத்துக்குப் பதில் அதுதான். உரம் வந்தால், விதை வந்தால், வயலில் நிற்பவர்களைக் கூப்பிடாமல் அவரே பதித்துக்கொள்வார். முந்தைய தலைவர்கள் காலத்திலும் அப்படித்தான். யாரும் அதைத் தவறாக நினைத்ததில்லை.

அதன் பிறகு ஒரு நாள் நர்ஸ் வீட்டுக்கு வந்து, நிலையத்தை மூடப்போவதாகச் சொன்னார். "உங்க ஊரே வேணாம்னு எழுதிக் குடுத்திருக்காம் அக்கா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் குழாய்க்குப் பிளாஸ்திரி ஒட்டினார்.

மறுநாள் நானும் கூ போங்மானும் மாவட்ட அலுவலகம் சென்று தீர்மானத்தைப் பார்த்தோம். முதலில் தொங்குபாலம், அடுத்து வண்டி நிறுத்துமிடம், அதன் பிறகு பாலத்துக்குக் காவலாள் ஒருவர் என்று இருந்தது. சுகாதார நிலையத்துக்கு ஆள் தேவையில்லை, நகர மருத்துவமனையே போதும் என்றும் இருந்தது. கீழே எல்லா வீட்டு முத்திரையும் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் முத்திரை வைத்தால் ஒன்று சாயும், ஒன்று பாதிதான் விழும். இதில் எல்லாம் வரிசையாக, நேராக இருந்தன. கூ போங்மான், "என் கை இவ்ளோ நல்லா இருந்தா நான் எதுக்கு நர்சத் தேடுறேன்" என்றார். கரண்டி பிடிக்க முடியாத என் கணவரின் முத்திரையும் நேராக விழுந்திருந்தது. அங்கிருந்த அலுவலர், "முத்திரை இருந்தா ஊர் சொன்னதுதான் பாட்டி. ஊர் அப்படிச் சொல்லலேன்னா போலீசு எழுதித் தரணும்" என்றார்.

அதன் பிறகு நேராக இன்தே வீட்டுக்குப் போனேன். வாசலில் பேரிக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தீர்மானத்தை மாற்றி எழுதினீர்களா என்று கேட்டேன், அவர் மறுக்கவில்லை.

"அண்ணி, நர்ஸ் இருந்தா கெழவங்க நாலு வருசம் கூட இருப்பாங்க. பாலம் இருந்தா ஊர் இருக்கும். என் பையன் இன்சோன் நகரத்துலருந்து குடும்பத்தோட வந்து காவல் வேலை பாப்பான். ஊருல ஒரு புள்ள அழுற சத்தம் கேட்டு எத்தன வருசமாச்சு?"

"உங்க அண்ணன் பேருக்கு முத்திரை வெச்சது யாரு தம்பி?"

"எல்லாருக்கும் வெச்சேன்."

"நான் எல்லாரையும் கேக்கல."

அவர் அடுத்த பேரிக்காயை எடுத்துத் தரம் பார்த்தார். நான் எழுந்தபோது ஒரு பையில் பேரிக்காய் போட்டு, "அண்ணன் சாப்பிடட்டும்" என்று நீட்டினார். பையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மேற்படி இன்தேயைத் தண்டிக்க வேண்டுமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அதிகாலை ஜெபத்தில் அவர் எனக்கு முன்வரிசையில் உட்காருகிறார். சில நாட்களாக எனக்கு ஜெபம் வரவில்லை. அந்தக் கேள்விக்கு இன்று பதில் இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அந்தத் தாளில் உள்ளது எங்கள் ஊர் சொன்னது அல்ல என்று நீங்கள் எழுதித் தர வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

எழுத்தர் இதை முழுவதும் வாசித்துக் காட்டினார். நான் சொன்னதில் ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. கர்த்தர் அறிய இது உண்மை.

(கையொப்பம்) போங் ஓக்சிம்

கையொப்பத்துக்குப் பின் வாக்குமூலம் தந்தவர் கேட்டுக்கொண்டது: மாவட்டச் சபை இம்மாதம் பதினெட்டாம் தேதி கூடிப் பணத்தை ஒதுக்குகிறது. அதற்குள் பதில் சொல்லுங்கள். முடியாது என்றால் அதையாவது சீக்கிரம் சொல்லிவிடுங்கள். என் கணவரை எங்கே கொண்டுபோவது என்று நான் பார்க்க வேண்டும்.