எட்டாவது பாட்டின் உறுமல்

மதிப்பிற்குரிய மாஜிஸ்ட்ரேட் அவர்களுக்கு,

ஒரு பாட்டுக்கு அடியில் வேறு ஏதோ சத்தம் ஓடுவதுபோல் தோன்றினால், அது என்னவென்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. இலுப்பூர் கடைவீதியில் ஒலிபெருக்கி நிலையம் வைத்திருக்கும் ஆண்டியப்பன் ஆகிய நான் இதை எழுதுவதற்கும் அப்படி ஒரு சத்தம்தான் காரணம். வயரிங் வேலை செய்யும் நாகராசு புதுக்கோட்டை சப்ஜெயிலில் இருப்பதைப் பற்றியும் போகப்போக வரும்.

இந்த 1959ஆம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு புதுப் படத்தின் இசைத்தட்டுகள் மதராசிலிருந்து வந்தன. ஒரே அட்டைப்பையில் நான்கு தட்டுகள், எட்டுப் பாட்டுகள். எட்டாவது ஒரு தாலாட்டு. அதன் கடைசி அரை நிமிடத்தில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோய், பாடும் அம்மாளின் குரல் மட்டும் தனியாக நிற்கும். அந்த இடத்தில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் கேட்டது. சில நாள் கேட்டது, சில நாள் கேட்கவில்லை. ஊசியை மாற்றினேன். பாட்டுப் பெட்டியின் வால்வுகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பிடிபடவில்லை.

சாயங்காலம் என் கடையில் கூடும் ரசிகர்களுக்கு இது பெரிய விவாதமாயிற்று. ஜவுளிக்கடை கிபாயத்துல்லா, “தம்புராங்க அது. கொரலுக்குக் கீழ விரிப்பு மாதிரி விரிச்சிருக்காங்க. கேக்கவும் கூடாது, இருக்கவும் இருக்கணும். அதான் நுட்பம்” என்றார்.

தபால் ஆபீஸ் பெரியண்ணன் விடவில்லை. “போங்க பாய். எந்த ஆத்தா தம்புரா வச்சுக்கிட்டுப் பிள்ளையத் தூங்க வைக்கிறா? ஒங்க கடைத் தையல் மிசினைக் கொண்டுபோயி மைக்குக்குப் பக்கத்துல வச்சிருப்பாங்க.”

“ஒங்க ஆபீசுல முத்திரை குத்துற சத்தத்தை விட்டுட்டாங்கன்னு வருத்தமாக்கும்.”

ஒலிப்பதிவு எப்படி நடக்கும் என்று நான் அவர்களுக்கு விளக்கினேன். பாடுகிறவர் மைக்குக்கு ஒரு முழ தூரத்தில் நிற்பார். வயலின்காரர்கள் பத்தடி பின்னால். சுவரெல்லாம் கம்பளி தொங்கும். கடைசி அரை நிமிடத்தில் அத்தனை பேரும் வில்லைத் தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி நிற்பார்கள். அப்படிப்பட்ட அறையில் உறுமலுக்கு இடமில்லை. அது இலுப்பூரில்தான் பிறக்கிறது என்றேன்.

“அப்ப செட்டுல கோளாறுன்னு சொல்லுங்க” என்று பெரியண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆவணியில் ஒரு நாள் பாட்டு முடியும் இடத்தில் உறுமல் சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். பக்கத்து அரிசி மில்லில் பெல்ட் அறுந்து மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள். பிறகு எல்லாம் விளங்கிவிட்டது. என் கடையின் எர்த்துக் கம்பியை நாகராசு மில்லின் எர்த்துக் குழியிலேயே சேர்த்திருந்தார். எர்த்து என்பது எளிய விஷயம். பெட்டியின் தகரத்தில் மின்சாரம் கசிந்தால், ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் போக அது ஒரு வழி. அதே வழியாக மில் மோட்டாரின் அதிர்வு என் பெட்டிக்குள் ஏறி வந்துகொண்டிருந்தது.

நாகராசைக் கூப்பிட்டுக் காட்டினேன். “தனியா ஒரு குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுத் தகடு எறக்கித் தாரேங்க. பத்து நாளு பொறுங்க. அதுவரைக்கும் இந்தக் கம்பியில மட்டும் கை வச்சிராதீங்க” என்றார்.

பத்து நாள் அதிகம். அன்று மாலையே எனக்குத் தெரிந்த வழியில் உறுமலை நிறுத்தினேன். இரண்டு நிமிட வேலை. மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எட்டாவது பாட்டைப் போட்டேன். அந்த அம்மாள் அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. கிபாயத்துல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியண்ணன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து நாகராசு கடப்பாரையோடு வந்தபோது, இனி அவசியமில்லை என்று திருப்பி அனுப்பினேன்.

ஒரு சின்ன விளைவு இருந்தது. ஊசி மாட்டிய உலோகக் கையைத் தொட்டால் சுருக்கென்றது. என் பெட்டி பழையது. மின்சாரம் கொஞ்சம் கசியும். இப்போது அதற்கு மண்ணுக்குப் போகிற வழியில்லை. தொடுகிறவர் வழியாகத்தான் போகும். காலில் செருப்பு இருந்து, தரையும் காய்ந்திருந்தால் சுருக்கோடு சரி. ஆகவே கடையில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன்: பாட்டைக் கேட்கிறவரே ஊசியை வைக்க வேண்டும். அதுவரை தட்டுக்குப் பக்கத்தில் நான் யாரையும் விட்டதில்லை. எனவே எல்லோரும் அதைப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள்.

“ஊசி வைக்கையிலேயே ஒடம்பு சிலிர்க்குதுங்க. என்னா பாட்டு!” என்றார் கிபாயத்துல்லா.

“எனக்கு முழங்கை வரைக்கும் ஏறுது பாய்” என்றார் பெரியண்ணன்.

அது பாட்டினால் அல்ல என்று எனக்குத் தெரியும். விளக்கியிருந்தால் மறுபடியும் உறுமலோடு கேட்கச் சொல்லியிருப்பார்கள். அதனால் விளக்கவில்லை. என் வாழ்க்கையில் தெரிந்தும் விளக்காமல் விட்ட விஷயம் அது ஒன்றுதான்.

வெள்ளைச்சாமி மில்லில் மூட்டை தூக்குகிறவர். தினமும் வாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போவார். ஐப்பசியில் ஒரு நாள் மழை விட்ட நேரத்தில், “அண்ணே, அந்தக் கடைசிப் பாட்டைப் போடுங்கண்ணே. வீட்டுல மூக்காயி பிள்ளைக்குப் பாடணுமாம், வரியக் கேட்டுட்டு வரச் சொன்னா. இங்கிட்டு நின்னா பாதிதான் கேக்குது” என்றார்.

“அப்ப உள்ள வந்து நீங்களே ஊசிய வைங்க. இந்தக் கடைச் சட்டம் அது” என்றார் பெரியண்ணன்.

“காலெல்லாம் சேறுங்க.”

“அட வாங்க.”

சேற்றுக் காலோடு இசைத்தட்டின் பக்கத்தில் வரக்கூடாது என்று நினைத்திருப்பார். வாசல் குடத்துத் தண்ணீரை ஊற்றி, இரண்டு கால்களையும் நன்றாகக் கழுவிக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே வந்தார். சிமெண்டுத் தரையில் தடம் தடமாக ஈரம் படிந்தது. ஈரக் கால் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அவரை நிறுத்திவிட்டுக் கம்பியை மாட்ட இரண்டு நிமிடம் போதும். ஆனால் மில் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டினால் உறுமல் வரும். முதல் தடவையாக உள்ளே வந்து கேட்கிறவருக்கு அப்படிக் கேட்கக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பெரியண்ணனும் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளைச்சாமி இடது கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஊசியை இறக்கினார். கீறல் விழாமல் வைத்தார் என்பதைச் சொல்ல வேண்டும். இடது கை பெட்டியை விட்டு வரவில்லை. நான் சுவிட்சை அணைப்பதற்குள் முடிந்துவிட்டது.

மற்றவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் கம்பியை இருந்த இடத்தில் மாட்டினேன். போலீசார் வந்து பார்த்தபோது அது சரியாக இருந்தது. ஆகவே, மில்லின் மின்சாரம் அந்தக் கம்பி வழியாக வந்துதான் ஆளைக் கொன்றது என்று முடிவு செய்து, அதைச் சேர்த்த நாகராசைப் பிடித்துப் போனார்கள்.

அவர் மனைவி சொர்ணவல்லி தினமும் கடைக்கு வருகிறார். “வேலைய நல்லாத்தான் செஞ்சேன்னு அவுக சொல்றாகண்ணே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாக” என்கிறார். எர்த்து எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினேன்.

நான் சும்மா இருந்திருப்பேன். ஆனால் சென்ற வாரம் எனக்குத் தபாலில் வந்த மின்சார ஆய்வாளரின் அறிக்கை நகலைப் பெரியண்ணன் என் கடையிலேயே எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். அதில், ‘பெட்டியை இயக்கிப் பார்த்ததில் தொடர்ந்த உறுமல் கேட்கிறது, மட்டமான தயாரிப்பு’ என்று எழுதியிருக்கிறது. இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஆய்வாளர் கேட்டது நான் கம்பியை மறுபடி மாட்டிய பிறகு வந்த உறுமல். வெள்ளைச்சாமி இறந்த நேரத்தில் பெட்டி சுத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. அப்போது எர்த்துக் கம்பி மாட்டப்படவில்லை. அது இருந்திருந்தால் அவர் இறந்திருக்க மாட்டார். இரண்டு மாதமாக அதைக் கழற்றி வைத்திருந்தவன் நான். நாகராசின் வேலையில் குறையில்லை. என் பெட்டியிலும் குறையில்லை. இரண்டையும் திருத்தி எழுத உத்தரவிட வேண்டுகிறேன்.

தாங்களே சோதித்துப் பார்க்கலாம். மில் ஓடும் நேரமாகப் பார்த்து வந்து, ஊசியை வேறு யாரையாவது வைக்கச் சொல்லுங்கள். மூன்று ஆணிப் பிளக்கில் பெரிய ஆணிக்குப் போகும் எர்த்துக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். உறுமல் நின்றுவிடும்.