ராக்காயிக்கு அடுத்து நின்றவர்

பெயர்: சதாசிவம் த/பெ அப்பாவு. வயது 54. பட்டதாரி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். முகவரி: லகாட், பேராக். 24.5.1988 காலை 10.15 மணிக்குப் போலீஸ் நிலையத்தில் நேரில் வந்து கொடுத்த வாக்குமூலம்.

நான் 1984-ஆம் ஆண்டு ஈப்போவில், தயார்நிலையில் விற்ற கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினேன். மறு ஆண்டு லகாட்டுக்கு அருகிலிருந்த ரப்பர் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. அங்கு வேலை செய்த நாற்பத்தொரு பேருக்கும் ஆளுக்கொரு வீடு தருவதாக வாங்கிய நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. முன்னாள் தோட்டக் கிராணி, அதாவது கணக்கர், உடையப்பன் கொண்டுவந்த ஆள்பதிவேட்டைப் பார்த்து, பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், அவர்கள் நின்ற வரிசைப்படியே பெயர்களை வீடு பெறுவோர் பட்டியலாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அதன் பிறகு பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டதாக உடையப்பன் தெரிவித்தார். நான் வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை.

இவ்வாண்டு விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றை வாங்கினேன். என் பழைய கம்ப்யூட்டரில் விமானம் விட்டுவிட்டு நகர்ந்தது. அதைப் பார்த்த உடையப்பன், “என்னா சார், ப்ளேன் ஓட்டுறீங்களா, மாட்டு வண்டி ஓட்டுறீங்களா? ஈப்போல ஷரபுதீன் கடை இருக்குலா. நானே கொண்டு போறேன்” என்றார். மெமரியைக் கூட்டும் அட்டையும் வண்ணத் திரைக்கான அட்டையும் மட்டும் மாட்டச் சொல்லி 10.5.1988 அன்று அவரிடம் ஒப்படைத்தேன். 12-ஆம் தேதி திரும்பக் கொண்டுவந்தார். விமானம் தடங்கலின்றிப் பறந்தது. நான் இரண்டு மணி நேரம் விளையாடினேன். பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை.

அதன் பிறகு, பட்டியலை இம்மாத இறுதிக்குள் நிறுவனத்திடம் கொடுக்க வேண்டியிருந்ததால், திரையில் கண்டபடியே தாளில் எழுதிக்கொண்டு, 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயில் முன் எல்லோரையும் கூட்டி வாசித்தேன். அவர்களில் பலரை நான் நேரில் அறியேன். ஒவ்வொருவரும் பெரட்டில் போலவே “இருக்கேன்” என்று குரல் கொடுத்தனர். ராக்காயிக்கு அடுத்து பத்துமலை என்று வாசித்தேன். குரல் வரவில்லை.

ராக்காயி, “நில்லுங்க சார். எனக்குப் பக்கத்துல ஆம்பளையா? எம் புருசன் இருந்திருந்தா பாராங்கத்திய தூக்கியிருப்பாரு. முப்பது வருசமா என் தோள இடிச்சிக்கிட்டு நின்னவ நல்லம்மா. அவ எங்கலா போனா?” என்றார். கூட்டம் சிரித்தது. அங்கேயே நின்றிருந்த நல்லம்மாள் சிரிக்கவில்லை.

அதன் பிறகு எல்லோரையும் பெரட்டு வரிசையில் நிற்கச் சொன்னேன். யாரும் யாரையும் கேட்காமல் நின்றனர். நின்றவர்களில் ஐவரின் பெயர் பட்டியலில் இல்லை. பட்டியலிலிருந்த ஐவர் வரிசையில் இல்லை. மொத்தம் நாற்பத்தொன்று என்பது மட்டும் மாறவில்லை. பத்துமலை என்பவர் உடையப்பனின் மைத்துனர், பாகான் செராயில் வசிப்பவர் என்று வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள். கூட்டத்திலிருந்த உடையப்பன், “மிசினுலா சார், புதுச் சாமான் மாட்டினா கொஞ்சம் கொழம்பும்” என்றார். இயந்திரம் குழம்பி அவருடைய மைத்துனரின் பெயரைக் கண்டுபிடித்து எழுதியது என்பதை நான் ஏற்கவில்லை.

மறுநாள் கடைக்குச் சென்று விசாரித்தேன். ஷரபுதீன், “ஒங்க கூட்டாளி பதினொண்ணாந் தேதி வந்து ஒரு மணி நேரம் தட்டிக்கிட்டே இருந்தாரு சார். கேம் ஆடுறாருன்னு நெனச்சேன்” என்றார். புதிய மெமரி அட்டையில் பேட்டரியில் ஓடும் கடிகாரமும் உண்டு என்பதை அவரே சொன்னார். வீடு திரும்பிப் பார்த்தேன். முன்பு கடிகாரம் இல்லாததால், நான் அதுவரை சேமித்தவை அனைத்தும் 1.1.1980 என்றே தேதி காட்டின. பட்டியல் மட்டும் 11.5.1988, பிற்பகல் 3.20 என்று காட்டியது. அப்போது கம்ப்யூட்டர் என் வீட்டில் இல்லை. விமானத்துக்காக நான் மாட்டச் சொன்ன அட்டைதான் அதைக் குறித்து வைத்திருந்தது.

கம்ப்யூட்டரை இந்நிலையத்தில் ஒப்படைக்கிறேன். அதற்குப் பின் நான் அதை இயக்கவில்லை. நீக்கப்பட்டவர்கள், நின்ற வரிசைப்படி: நல்லம்மாள், செல்லாயி, வீரம்மா, முத்தம்மா, சீனி.

வாசித்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லி, நானே இருமுறை வாசித்து, ஐந்து பெயர்களும் இருப்பதை எண்ணிப் பார்த்த பின், இதில் கண்ட யாவும் உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அ. சதாசிவம்