வேட்டைக்காரனின் பங்கு

"மச்சான், நீர் முயல் உரிக்கிறதைப் பாத்தால், சின்னப்பிள்ளைக்கு உடுப்புக் கழட்டிக் குளிக்க வாக்கிற மாதிரிக் கிடக்கு."

"பொறுமையா உரிக்காட்டில் மயிர் இறைச்சியிலை ஒட்டிப்போடும். பிறகு எத்தினை தரம் கழுவினாலும் போகாது."

"அதுக்கேன் மூஞ்சையை இப்பிடி வைச்சிருக்கிறீர்? அது செத்துப்போச்சு மச்சான். இனி நோகாது."

எப்போது தொடங்கியது என்று பொலிஸ்காரர் நீங்கள் கேட்டீர்கள். இந்தப் பேச்சில்தான் தொடங்கியது. ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒக்லாந்தின் பக்குரங்காவில் என் வீட்டு கராஜில். முயல் உரித்தவன் நான், பகிடி பண்ணியவன் பிரதாபன், என் தங்கை திலகாவின் கணவன். மொழிபெயர்க்க வந்திருக்கும் அம்மா மலேசியாக்காரர், நான் கதைக்கிறது விளங்கவில்லை என்றால் நிறுத்திக் கேட்கட்டும். எனக்கு அவசரமில்லை.

பிரதாபன் சனிக்கிழமை விடிய, தகனினிக்கும் அப்பால் தெற்கே ஒரு மலைப் பண்ணைக்குத் துப்பாக்கியோடு போவான். எட்டோ பத்தோ முயலோடு வருவான். நான் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்பவன், கத்தி கைக்குப் பழகினது. உரித்து, குடலை எடுத்து, உப்பும் வினாகிரியும் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, கறிக்கு எலும்போடு வெட்டிப் பைகளில் கட்டுவேன். பின்னேரம் எங்கள் ஆட்கள் வந்து வாங்கிப் போவார்கள். சோதனை செய்யாத காட்டு இறைச்சியை விற்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் முயல்களுக்கு நோய் வந்த வருடம் இது. ஆனாலும் என்னிடம் வாங்குவதை ஒருவரும் நிறுத்தவில்லை. "தியாகலிங்கத்தார் பாத்துத்தான் தருவார்" என்பார்கள். உண்மைதான். ஒவ்வொன்றையும் மணந்து, ஈரலின் நிறம் பார்த்துத்தான் வெட்டுவேன். சந்தேகமானதை எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்டித் தாட்டுவிடுவேன். ஆறு வருடத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட என்னால் வயிற்றுவலி வந்ததில்லை.

ஈரலை மட்டும் நாங்கள் விற்பதில்லை. அது வேட்டைக்காரனின் பங்கு. திலகா தன் குசினிக்குள் முயலை எடுக்கமாட்டாள். அதனால் நானே கராஜில் காஸ் அடுப்பை மூட்டி, வெங்காயமும் மிளகும் போட்டுப் பொரித்துக் கொடுப்பேன். பிரதாபன் நின்றபடியே முழுவதையும் தின்பான். எனக்கு ஈரல் பிடிக்காது.

அன்றைக்கும் வாய் நிறைய ஈரலோடு, "மச்சான், சிட்னியிலை வேலை சரிவந்திட்டுது. தை மாதம் குடும்பத்தோடை வெளிக்கிடுறம். அந்த உப்பை ஒருக்கால் எடும்" என்றான். எடுத்துக் கொடுத்தேன்.

எங்கள் அம்மா கண்ணை மூடினபோது திலகாவுக்கு ஒன்பது வயது. அவளுக்குத் தலை பின்னிவிட்டவன் நான். கொழும்பில் வரிசையில் நின்று, பத்திரங்களில் கையெழுத்து வைத்து, அவளை ஒக்லாந்துக்கு எடுத்தவன் நான். பிரதாபனைப் பேசிக் கல்யாணம் செய்துவைத்தவனும் நான்தான். அவர்கள் இருக்கும் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, அதையும் நானே பார்த்துப் பிடித்தேன். அவர்களின் மகள், என் மருமகள் சிவானி பள்ளிக்கூடம் விட்டால் என்னிடம்தான் வருவாள். சிட்னியில் ரயில்களுக்கு மேல்மாடி இருக்கிறதாம் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னபோது நானும் சிரித்தேன்.

போகாதே என்று திலகாவிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மூன்று தரம் வாய்வரைக்கும் வந்தது. ஒருதரம் கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்தில் அவளே, "என்ன அண்ணை, ஏதோ சொல்ல வந்தனீங்கள்?" என்றாள். "பால் வாங்கினனியோ?" என்று கேட்டேன். வளர்த்த அண்ணன் கேட்டு வாங்கலாமா? கேட்ட பிறகு தருவது பாசம் இல்லை. இப்போதும் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

செப்டெம்பர் கடைசியில், பிரதாபன் வீட்டில் ஆள் இல்லையென்று பண்ணைக்காரர் என் வீட்டுக்குப் போன் எடுத்தார். பின்பக்கச் சரிவில் முயல்களுக்கு, இரத்தத்தை உறையவிடாத நஞ்சு கலந்த கரட் போட்டிருக்கிறாராம். சில மாதங்களுக்கு அந்தப் பக்கத்து முயலைத் தின்னவேண்டாம், ஈரலைத் தொடவே வேண்டாம், பிரதாபனிடம் சொல்லிவிடுங்கள் என்றார். நன்றி சொன்னேன். சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

சாப்பாட்டில் நான் ஏதும் கலந்தேனா என்று மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள். இல்லை. வெங்காயம், மிளகு, உப்பு. துப்பாக்கியால் சுட்டவன் பிரதாபன், கொண்டுவந்தவன் பிரதாபன், தின்றவனும் பிரதாபன். நான் என் வேலையை முன்னையைவிடக் கவனமாகச் செய்தேன். நஞ்சு தின்ற முயலை உரித்தால் தெரிந்துவிடும், தோலுக்குக் கீழே இரத்தம் கசிந்து கறுத்திருக்கும். அந்த இறைச்சியில் ஒரு துண்டுகூட யாருக்கும் விற்கவில்லை. முழுவதையும் தாட்டேன். ஈரலை மட்டும் கழுவிச் சட்டியில் போட்டேன். இந்த வித்தியாசத்தை நீங்கள் கட்டாயம் எழுதவேண்டும்.

நான்கு சனிக்கிழமை. மூன்றாவதில் பிரதாபனுக்குப் பல் முரசில் இரத்தம் கசிந்தது. "பல்லுத் தீட்டுறாரோ, தரை உரஞ்சுறாரோ தெரியேல்லை" என்று திலகா பகிடி பண்ணினாள். நான்காவதில் கார் ஓட்டும்போதே மூக்கால் இரத்தம் வந்தது. டொக்டர் இரத்த அழுத்தம் என்று குளிசை கொடுத்தார். "பயணத்தைக் கொஞ்சம் பிந்திப் பாப்பம் அண்ணை" என்று திலகா சொன்னாள். அன்றைக்கு எனக்கு நல்ல பசி. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஐந்தாவது சனிக்கிழமை கந்தசஷ்டிக்குள் வந்தது. திலகா வருடாவருடம் ஆறு நாளும் விரதம். பிரதாபன் ஒரு நேரம்கூடப் பிடித்தவனல்ல, விரதக்காரிக்கு முன்னால் கோழிக்கால் கடிப்பவன். ஆகவே நான் அதை யோசிக்கவில்லை. வழக்கம்போலப் பொரித்து வைத்தேன். அவன் சட்டிக்கு மேலே குனிந்து மணந்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஆளை விடும் மச்சான். வருத்தம் மாறவேணுமெண்டு திலகா என்னையும் பிடிக்க வைச்சிட்டாள். சூரன்போர் முடியட்டும், பிறகு பாரும்."

இறைச்சி வாங்க வந்து வாசலில் நின்றார் சதாசிவம் அண்ணை. ஓய்வுபெற்ற தபால்காரர், தனியாக இருப்பவர். இருதயத்தில் ஒப்பரேஷன் செய்து, இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறவர். அந்தக் குளிசைப் போத்தலைக் காணாத தமிழன் பக்குரங்காவில் இல்லை. "அண்ணை, இண்டைக்கு என்ரை பங்கும் உங்களுக்குத்தான்" என்று பிரதாபன் ஈரலை ஐஸ்கிரீம் பெட்டிக்குள் கொட்டிக் கொடுத்தான்.

"தம்பி தியாகலிங்கத்தின்ரை கைப்பக்குவமெல்லே, வேண்டாமெண்டு சொல்லுவனே?" என்றார் அவர்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால், நான்கு சனிக்கிழமையும் ஏன் திறக்கவில்லை என்று பிரதாபன் கேட்பான். பிறகு திலகா கேட்பாள். நான் அவருடைய இறைச்சிப் பையின் வாயை இறுக்கிக் கட்டி, ஐஸ்கிரீம் பெட்டிக்கு மேலே வைத்துக் கொடுத்தேன். சதாசிவம் அண்ணையோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல மனிதர். திங்கட்கிழமை செத்துப்போனார். ஆஸ்பத்திரியில் அவர் இரத்தத்தைப் பார்த்தவர்கள் பிரதாபனின் இரத்தத்தையும் பார்த்தார்கள். பிறகு பண்ணைக்காரர் யாருக்குப் போன் எடுத்தார் என்று நீங்கள் கண்டுபிடித்தீர்கள்.

நேற்றுத் திலகா என்னைப் பார்க்க இங்கே வந்தாள். விரதத்தில் நன்றாக மெலிந்துவிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவள் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"தெரிஞ்சுகொண்டே குடுத்தனீங்களோ?"

"ஓம்."

"அவருக்கு?"

"அவருக்குத்தான். சதாசிவம் அண்ணைக்குக் குடுக்க நான் நினைக்கேல்லை. தடுக்கவுமில்லை."

"நாங்கள் தை வரைக்கும் நிக்கேல்லை. டொக்டர் அவரை விட்ட உடனை வெளிக்கிடுறம். சிவானிக்கு மாமா செத்துப்போனார் எண்டு சொல்லப்போறன்." கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். கதவடியில் திரும்பி நின்றாள். அழவில்லை. "உங்களுக்கு என்னதான் வேணும் அண்ணை?"

என்னிடம் அவள் முதல்முதல் அப்படிக் கேட்டாள். கேட்டதும் எனக்கு மனது இளகிவிட்டது. அவளாகக் கேட்ட பிறகு சொல்வதில் குறைச்சல் இல்லைத்தானே. சொன்னேன்.

"சிட்னிக்குப் போகாதை திலகா. அண்ணையோடை இரு."