பித்தளையில் பன்னிரண்டு வரி

பித்தளைப் பலகையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்காதீர்கள் சார். உங்கள் வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இரண்டு நாள் பளபளவென்று இருக்கும், மூன்றாம் நாள் முகம் கறுத்துப்போகும். மெல்லிய துணி, ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். இருபத்தாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கண்ணில் பட்டால் வாய் சும்மா இருக்காது.

கேடயம், கோப்பை, பதக்கம், கல்வெட்டு, எல்லாம் செய்வேன். பாராட்டு விழா என்று ஒன்று நடந்தால் அங்கே என் கை பட்ட சாமான் ஒன்றாவது இருக்கும். ஒருத்தர் தனக்குத்தானே 'சிறந்த கணவர்' என்று கோப்பை செய்து வாங்கிப்போனார். இன்னொருத்தர் கம்பெனியில் 'ஆண்டின் சிறந்த ஊழியர்' கேடயம் வாங்கியவர். மறுவாரமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெயரை அழித்துவிட்டுத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கடையில் வந்து நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பித்தளையில் ஏறிய எழுத்து ஏறியதுதான் சார். அதனால் எங்கள் கடையில் ஒரு விதி. வாசகத்தை வாடிக்கையாளர் மூன்று முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்று முறையும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் வந்தால்தான் மிஷினைத் தொடுவேன். கல்யாண மாப்பிள்ளையானாலும் சரி, மந்திரியானாலும் சரி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாமா விஷயத்தில் நான் புதிதாக எதையும் செய்துவிடவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்தார். ஒரு போரைப் பார்த்தார். அந்தப் போரில் எதிரியிடம் பிடிபட்டு ஏழு மாதம் சிறையில் கிடந்தார். திரும்பி வந்து கல்யாணமும் கட்டிக்கொள்ளவில்லை. தபால் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, அப்பா இல்லாத என்னைப் படிக்க வைத்து, இந்தக் கடையையும் வைத்துக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று கேட்டீர்களே, என் உயிரே அவர்தான் சார். போரைப் பற்றிக் கேட்டால் மட்டும் பிடி கொடுக்கவே மாட்டார். "அதெல்லாம் இப்ப எதுக்குடா" என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

போன வருடம் முதுகுவலி என்று ஆரம்பித்தது. புற்றுநோய், எலும்பெல்லாம் பரவிவிட்டது, இரண்டு மாதம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் கிடத்த எனக்கு மனசு வரவில்லை. கடைக்கு மேலேதான் வீடு. ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு, குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நானே செய்தேன். முதுகில் ஒரு புண் வந்ததா என்று வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸையே கேட்டுப் பாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் வருவார், நல்ல பெண். வலிக்கு ஒரு மருந்து கொடுத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு மூடி என்று சொன்னார். "வலி வந்த பிறகு குடுக்காதீங்க, வர்றதுக்கு முன்னாடியே குடுத்துடணும்" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். அவர் சொல்லவில்லை என்று நான் சாதிக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை வருவார். சொந்த அத்தை இல்லை. மாமாவோடு ராணுவத்தில் இருந்த நண்பரின் மனைவி. அந்த நண்பர் தடிமனான கண்ணாடி போட்டிருப்பாராம், அதனால் படையில் எல்லாருக்கும் அவர் 'கண்ணாடி'. போர்க்களத்தில் குண்டு பட்டு இறந்துபோனார் என்று மாமாதான் அத்தையிடம் வந்து சொன்னவர். அதிலிருந்து நாற்பது வருடமாக, மாமா அவருக்குக் கூடப்பிறக்காத தம்பி. கட்டிலருகில் உட்கார்ந்து செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் முன்னாள் வீரர் சங்கத்தில் மரியாதைச் சுவர் கட்டினார்கள். பதினான்கு பேருக்குப் பதினான்கு பித்தளைப் பலகை, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு வரி. வேலை எனக்கே வந்தது. பதின்மூன்று பேருடைய கோப்பிலும் பக்கம் பக்கமாக இருந்தது. ஒருத்தர் சமையல் கூடத்தைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை, அவருக்குக்கூடப் பன்னிரண்டு வரி தேறியது. என் மாமா கோப்பில் இருந்தது இரண்டே வரி. 'பணியாற்றினார். சிறைப்பட்டு மீண்டார்.' எனக்கு வயிறு எரிந்தது சார். ஊருக்கெல்லாம் புகழ்மாலை பொறிக்கிறவன், சொந்த மாமாவின் பலகையைக் காலியாக விடுவதா?

"ரெண்டு வரி போதும்டா. மிச்சத்தை அப்படியே விடு, பாக்க அழகா இருக்கும்" என்றார் மாமா.

"சும்மா இருங்க மாமா. உங்களுக்கு மரியாதை செய்யறது எப்படின்னு எனக்குத் தெரியும்."

ஆரம்பம் தற்செயல்தான். ஒரு நாள் காலை மருந்தை மூடியில் ஊற்றும் நேரத்தில் வாடிக்கையாளர் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். கேரம் போட்டிக்குக் கோப்பை வேண்டுமாம், காது எப்படி இருக்க வேண்டும், கால் எப்படி இருக்க வேண்டும் என்று விடவே மாட்டேன் என்கிறார். இருபது நிமிடம் போய்விட்டது. திரும்பி வந்தால் மாமா வியர்த்துக் கிடக்கிறார், வலியை மறக்கத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு மலை, அதன் மேல் ரேடியோ குடிசை, மழை. நாற்பது வருடத்தில் நான் கேட்டிராத பேச்சு. அசையாமல் நின்று கேட்டேன். பிறகு மருந்தைக் கொடுத்தேன், பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மருந்துக்கு அப்புறம் தூக்கம், மருந்துக்கு முன்னால் பேச்சு. மறுநாள் அரை மணி நேரம் தள்ளிக் கொடுத்தேன். அரைப் பக்கம் கிடைத்தது. அதற்கு மறுநாள் ஒரு மணி நேரம். விழாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அவருக்கோ நாள் எண்ணப்படுகிறது. வேறு என்ன வழி என்று நீங்களே சொல்லுங்கள்.

"முதல்ல குடுடா. குடிச்சிட்டுச் சொல்றேன்."

"குடிச்சா தூங்கிடுவீங்க மாமா. இந்த ஒரு இடத்தை மட்டும் முடிச்சிடுவோம்."

குரலை உயர்த்தினேனா? ஒரு நாளும் இல்லை. தலையணையைச் சரிசெய்து, நெற்றியைத் துடைத்து, கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன். மூடியில் மருந்தை ஊற்றி ஜன்னல் திட்டில் தயாராக வைத்துவிடுவேன், கண்ணுக்குத் தெரிந்தால் அவருக்கும் ஒரு தெம்பாக இருக்குமே என்று. பேச்சு திசை மாறினால் ஒரு வேளையைத் தள்ளிப் போடுவேன், அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், சரிபார்ப்பதில். ஒரு முறை 'கண்ணாடியை நான் தூக்கிட்டுப் போனேன்' என்றார். இன்னொரு முறை 'கண்ணாடி என்னைத் தூக்கிட்டுப் போனான்' என்றார். இரண்டையும் பொறிக்க முடியுமா? அதனால் கடை விதியையே வைத்துக்கொண்டேன். எந்தச் சம்பவமானாலும் மூன்று முறை. ஒன்றுபோல் வந்தால் ஒரு மூடி. வராவிட்டால் முதலிலிருந்து.

என் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் சீக்கிரம் வந்துவிட்டாள். "கீழே வாசல் கேட் வரைக்கும் சத்தம் கேக்குது. என்ன பண்றீங்க அவரை?" என்றாள். நோய் முற்றிவிட்டது, வலி மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை என்றேன். அது பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். நர்ஸின் அட்டையில் ஆறு வேளைக்கும் டிக் போட்டதும் நான்தான். மிஞ்சிய மருந்தைக் கீழே கொட்ட மனம் வரவில்லை. கோப்பைப் பெட்டிகளுக்குப் பின்னால் நீங்கள் எடுத்த மூன்று பாட்டில்களும் அப்படிச் சேர்ந்தவை.

கடைசி வாரத்தில் மாமா என்னை 'ஐயா' என்று கூப்பிட ஆரம்பித்தார். "சொல்லிடறேன் ஐயா. எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்பார். தூக்கி வளர்த்தவர் நம்மை ஐயா என்றால் எவ்வளவு கூச்சமாக இருக்கும். "மாமா, நான்தான் மாமா" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் திட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஜுர வேகம் என்று விட்டுவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள், வியாழக்கிழமை, முழுக்கதையும் வெளியே வந்தது. கண்ணாடி போர்க்களத்தில் சாகவில்லை சார். மாமாவோடு சேர்ந்து பிடிபட்டவர். ரேடியோ குடிசை எங்கே இருக்கிறது என்பதுதான் விசாரணை. ஒன்பதாம் நாள் கண்ணாடி சொல்லிவிட்டார். குடிசையில் இருந்த நான்கு பேரும் செத்தார்கள். சேதி கேட்ட பிறகு கண்ணாடி சாப்பிடவே இல்லையாம். சாகும்போது, என் பெண்டாட்டிக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று மாமாவின் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். மாமா ஏழு மாதமும் வாய் திறக்கவில்லை. திரும்பி வந்தும் திறக்கவில்லை.

மூன்று முறை சொன்னார். மூன்றும் ஒரு சொல் மாறாமல் வந்தது. ஒருவர் உடைந்தார், ஒருவர் உடையவில்லை. இதைவிட வேறென்ன வேண்டும் ஒரு பலகைக்கு?

"அவன் பேரைப் போடாதீங்க ஐயா" என்றார்.

"சரி மாமா" என்றேன். அந்த நேரத்துக்கு ஒரு ஆறுதல். ஆனால் பெயர் இல்லாமல் வாசகம் நிற்காது.

சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று கீழே ஓடினேன். எண்ணிப் பார்த்தால் சரியாகப் பன்னிரண்டு வரி. எழுதிய கையோடு தகட்டை மாட்டி மிஷினைப் போட்டுவிட்டேன். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. மேலே போனபோது மாமாவின் உயிர் அடங்கியிருந்தது. போர்வையின் ஓரத்தைக் கடித்திருந்தார், பல் இடுக்கில் இருந்து எடுக்கக் கொஞ்சம் சிரமப்பட்டேன். ஜன்னல் திட்டில் மூடி அப்படியே இருந்தது. கொடுக்க மறந்துவிட்டேன் சார். வேண்டுமென்று செய்யவில்லை, வேலை மும்முரத்தில் மறந்துபோனேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பத்தொன்பது நாளில் அவருக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்த நாள் ஒன்றுகூட இல்லை. கடைசி நாளில் ஒரு வேளைகூடக் கொடுக்கவில்லை.

விழா நன்றாக நடந்தது. மாமாவின் பலகை முன்னால்தான் கூட்டம். அத்தையையும் நான்தான் அழைத்துப் போயிருந்தேன். செய்தித்தாள் படிப்பதுபோலவே நிறுத்தி நிதானமாக வாய்விட்டுப் படித்தார். ஆறாவது வரியில் கணவர் பெயர் வந்ததும் குரல் நின்றுபோனது. மீதியை வாய்க்குள்ளேயே படித்தார். முடித்துவிட்டு என்னைக் கேட்டார்.

"நாப்பது வருஷமா என்கிட்டயே சொல்லாத மனுஷன், உன்கிட்ட எப்படிப்பா சொன்னாரு?"

பெருமையாகத்தான் இருந்தது எனக்கு. மருந்து, மூடி, மூன்று முறை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அத்தை திரும்பவும் பலகை பக்கம் திரும்பி, ஒன்பதாவது வரியின் மேல் விரலை வைத்தார்.

"இதை நீ படிச்சுப் பாத்தியா?"

"என்ன அத்தை இப்படிக் கேக்கறீங்க? மூணு தடவை சரிபாத்துட்டுதான் பொறிச்சேன்."

அவர் அங்கிருந்து நேராக உங்களிடம் வந்து புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். வயதானவர், கணவர் பெயர் கெட்டதில் மனம் உடைந்திருக்கும். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை.

அந்த ஒன்பதாவது வரி என்ன என்று கேட்கிறீர்கள். எதிரிகள் விசாரித்த விதம் சார். அடிக்கவே இல்லையாம். நாக்கு வறண்டு கிடப்பவர் கண்ணெதிரே தண்ணீர்க் குவளையை வைத்துக்கொண்டு, சொன்னால் தருகிறோம் என்று மரியாதையாகக் கேட்பார்களாம், திரும்பத் திரும்ப. அதைப் பொறிக்கும்போது எனக்குத் தாங்கவில்லை. ஒரு மனிதனுக்கு இப்படியும் மனசு வருமா என்று கண் கலங்கி எழுத்தே தெரியவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு, முகம் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் பத்தாவது வரியைத் தொடங்கினேன்.